பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பாட்டிக்குக் கடன் கொடுக்கலாமா?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் பயிற்சிக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



மன்னவனூர், கூக்கால், பூம்பாறைப் பக்கமிருந்து விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள் இருக்கிறீர்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காட்டிலிருந்து காப்பித் தோட்டத்து வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறோம்.

போன மாதம் ஒரு குழுவின் தீர்மானப் புத்தகம் எங்கள் பார்வைக்கு வந்தது. கடன் கேட்கும் காரணம் என்ற இடத்தில் நாம் என்ன எழுதுவோம்? பூண்டு விதை, கறவை மாடு, பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு, கூரை மாற்ற. இந்தப் புத்தகத்தில் "அமெரிக்கா போய் மகள் பிரசவம் பார்க்க" என்று எழுதியிருந்தது. தொகை ஒன்றரை லட்சம்.

அந்த அக்காவின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அவர்கள் இந்த அறையில்தான் இருக்கிறார்கள், சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மகள் நம் அட்டுவம்பட்டியில் இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படித்தவர். 1984இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நாம் காய் விற்கப் போயிருக்கிறோம், சமையல் வேலைக்குப் போயிருக்கிறோம், நம் பிள்ளைகள் படிக்கவும் போயிருக்கிறார்கள். அந்தப் பெண் இப்போது அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார். வீட்டுக்காரரும் மூணு வயசுப் பையனும் கூட இருக்கிறார்கள். இப்போது இரண்டாவது குழந்தை. "அம்மா, நீ ஒரு ஆறு மாசம் வந்துட்டுப் போ"ன்னு போனில் ஒரே அழுகை.

குழுவில் சண்டை வந்துவிட்டது. "படிக்கப் போனவ படிப்ப முடிச்சுட்டுப் பெத்துக்க வேண்டியதுதானே?" என்று ஒருத்தர். "டாலர்ல சம்பளம் வாங்குறவ, அவளே டிக்கெட் எடுத்துக் கொடுக்கட்டும்" என்று இன்னொருத்தர். "இது வருமானம் தர்ற கடனே இல்ல" என்று கணக்கு எழுதுகிற பொண்ணு. கடைசியில் கூட்டமைப்பு சொல்லட்டும் என்று எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் எங்களுக்கும் அப்போது எதுவும் தெரியாது. ஒரு மாதமாக விசாரித்தோம், படித்தோம். அதைத்தான் இப்போது பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் முனைவர் பட்டம் என்றால் என்ன என்று பார்ப்போம். பி.ஏ., எம்.ஏ. மாதிரி வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுதி முடிக்கும் படிப்பு அல்ல. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு இதுவரை யாரும் சொல்லாத பதிலைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். அமெரிக்காவில் இதற்குப் பெரும்பாலும் ஐந்து ஆறு ஆண்டு ஆகிவிடும். இருபத்தைந்து வயதில் போகிறவள் முப்பது, முப்பத்தொன்றில் முடிப்பாள். ஒரு பெண்ணுக்குக் கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் வருகிற வயதும் அதுதான். "முடிச்சுட்டுப் பெத்துக்கோ" என்று சொல்வது எளிது. கல்யாணமாகி மூணு வருஷமாச்சே, இன்னும் விசேஷம் இல்லையா என்று கேட்பதும் நாம்தானே?

குடும்பத்தில் ஒருவர் இப்படிக் கடல் கடந்து படிக்கப் போனால் மற்றவர்களுக்கு என்ன ஆகிறது? இதற்குப் பழைய கதைகள் நம்மிடமே இருக்கின்றன. படிக்கப் போனவரின் பெயரை எல்லாரும் அறிவோம். வீட்டில் இருந்தவரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

கணிதமேதை இராமானுஜன் 1914 மார்ச் 17ஆம் தேதி சென்னையில் கப்பல் ஏறினார். அவருடைய மனைவி ஜானகிக்கு அப்போது பதினைந்து வயதுகூட ஆகியிருக்குமோ என்னவோ. பத்து வயதில், 1909இல் கல்யாணம் ஆனவர். சென்னைப் பல்கலைக்கழகம் இராமானுஜனுக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. அதில் 50 பவுண்டு கும்பகோணத்தில் இருந்த அவருடைய தாயாருக்குப் போனது. பணம் மாமியார் கையில். கணவன் எழுதும் கடிதங்கள் தன் கைக்கு வரவில்லை, தான் எழுதியதும் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று பிற்காலத்தில் ஜானகி அம்மாள் சொன்னது பதிவாகியிருக்கிறது. 1916இல் கேம்பிரிட்ஜ் இராமானுஜனுக்கு ஆராய்ச்சிக்கான பி.ஏ. பட்டம் கொடுத்தது. அந்த ஆராய்ச்சிப் பட்டத்தைத்தான் பின்னாளில் பிஎச்.டி. என்று மாற்றினார்கள். 1919இல் நோயோடு திரும்பி வந்தார். 1920 ஏப்ரல் 26இல், 32 வயதில், இறந்து போனார். ஐந்து ஆண்டு காத்திருந்த பெண் ஓராண்டுதான் கணவனோடு இருந்தார், அதுவும் நோயாளிக்குப் பணிவிடை செய்துகொண்டு.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு மூலையில் உட்காரவில்லை. பம்பாயில் சகோதரர் வீட்டில் இருந்தபோது தையல் கற்றார். 1930களின் தொடக்கத்தில் சென்னை திரும்பி, திருவல்லிக்கேணியில் வீடு எடுத்து, தைத்துக் கொடுத்தும் மற்ற பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தும் வாழ்ந்தார். 1950இல் ஒரு சிறுவனைத் தத்தெடுத்துப் படிக்க வைத்தார். அந்தப் பிள்ளை பாங்கி அதிகாரி ஆனார். ஜானகி அம்மாள் 1994 வரை இருந்தார். நம் தையல் பயிற்சி வகுப்பில் மாட்ட வேண்டிய படம் அவருடையது என்று எங்களில் ஒருவர் சொன்னார். படம் கிடைத்தால் மாட்டிவிடுவோம்.

அம்பேத்கர் கதையும் இதே மாதிரிதான். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். வீட்டில் ரமாபாய், கைக்குழந்தை. உதவித்தொகைக் காலம் முடிந்ததும் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. வேலை பார்த்துச் சேமித்து, கடனும் வாங்கி, 1920இல் மறுபடி லண்டன் போனார். அந்த ஆண்டுகளில் ரமாபாய் வரட்டி தட்டிக் குடும்பம் நடத்தினார் என்று சொல்வார்கள். பெற்ற குழந்தைகளில் ஒரே ஒரு மகன்தான் மிஞ்சினார். ரமாபாய் 1935இல் காலமானார். 1940இல் வந்த தன் புத்தகம் ஒன்றை அம்பேத்கர் "ராமு"வின் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

இவர்கள் எல்லாம் பின்னால் விடப்பட்ட பெண்கள். படிக்கப் போனது பெண்ணே என்றால்?

அதற்கும் நம் தமிழ்நாட்டுக் கதை ஒன்று உண்டு. கமலா ஹாரிஸ் பெயர் உங்களுக்குத் தெரியும். 2021 முதல் 2025 ஜனவரி வரை அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்தவர். தேர்தல் சமயத்தில் மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூஜை நடந்ததை டிவியில் காட்டினார்களே, அவர். எங்களுக்கு அவருடைய அம்மா சியாமளா கோபாலன் மேல்தான் அக்கறை.

சியாமளா 1938இல் பிறந்தவர். அப்பா கோபாலன் மத்திய அரசு ஊழியர், அம்மா ராஜம். நான்கு பிள்ளைகளில் மூத்தவர். டெல்லி லேடி இர்வின் கல்லூரியில் ஹோம் சயின்ஸ் படித்தார். ஹோம் சயின்ஸ் என்றால் தட்டு வைக்கிற படிப்பா என்று வீட்டிலேயே கேலி செய்வார்களாம். 1958இல், 19 வயதில், கலிபோர்னியாவில் உள்ள பெர்க்கிலி பல்கலைக்கழகத்துக்குத் தானாகவே விண்ணப்பம் போட்டு இடம் வாங்கினார். கல்யாணமாகாத பெண் தனியாகக் கடல் கடந்து போவதை அந்தக் காலத்தில் எத்தனை அப்பாக்கள் ஒப்புக்கொண்டிருப்பார்கள்? கோபாலன் ஒப்புக்கொண்டார். முதல் வருஷச் செலவுக்குத் தன் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதுவும் வருமானம் தராத பணம்தான், கணக்கு எழுதுகிற பொண்ணு இதைக் கொஞ்சம் கவனிக்கணும்!

படித்துக்கொண்டிருக்கும்போதே, 1963இல், ஜமைக்கா நாட்டிலிருந்து வந்து பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த டொனால்ட் ஹாரிஸைத் திருமணம் செய்துகொண்டார். 1964இல் சியாமளாவுக்கு முனைவர் பட்டம். அதே ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி மூத்த மகள் கமலா பிறந்தார். இரண்டு பிரசவத்துக்கும் கடைசி நேரம் வரை வேலை செய்தவர். ஒரு முறை ஆய்வுக்கூடத்தில் நிற்கும்போதே பனிக்குடம் உடைந்ததாம். மகள் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். டொனால்டுக்கு 1966இல்தான் பட்டம் கிடைத்தது. ஆக, கமலா தவழ்ந்து நடை பழகியது எல்லாம் அப்பா இன்னும் மாணவராக இருந்த வீட்டில். 1967 ஜனவரியில் இரண்டாவது மகள் மாயா.

பட்டம் வாங்கியதும் கஷ்டம் தீர்ந்ததா என்றால், இல்லை. வேலைக்காக இல்லினாய், விஸ்கான்சின் என்று ஊர் ஊராக மாற்றம். பிறகு கணவன் மனைவிக்குள் பிரிவு. சியாமளா இரண்டு பெண் குழந்தைகளோடு பெர்க்கிலிக்குத் திரும்பினார், மார்பகப் புற்றுநோய் பற்றி ஆராய்ச்சி செய்கிற வேலை. பெற்றோர் பக்கத்தில் இல்லை. கோபாலனே அப்போது அரசு வேலையாக ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டில் சில ஆண்டு இருந்தார். நீல நிற விமானத் தபால் கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும். இன்றைக்கு மாதிரி வீடியோ காலில் குழந்தையைக் காட்டி "பாட்டிக்கு டாட்டா சொல்லு" என்பதெல்லாம் கிடையாது.

அப்புறம் குழந்தைகளை யார் பார்த்தது? ரெஜினா ஷெல்டன் என்று ஒரு அம்மா. லூசியானா மாநிலத்திலிருந்து வந்த கறுப்பினப் பெண்மணி, வீட்டுக்குப் பக்கத்திலேயே குழந்தைகள் காப்பகம் நடத்தியவர். பள்ளி விட்டதும் குழந்தைகள் அங்கேதான். அம்மா ஆய்வுக்கூடத்திலிருந்து வர நேரமானால் சாப்பாடும் அங்கேதான். கமலா ஹாரிஸ் 2021இல் பதவிப் பிரமாணம் எடுத்தபோது வைத்துக்கொண்ட இரண்டு பைபிள்களில் ஒன்று அந்த ஷெல்டன் அம்மாவுடையது. ஒரு பால்வாடி ஆயாவின் பைபிள் என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். நம் குழுக்களில் அங்கன்வாடி உதவியாளர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள், கொஞ்சம் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

சியாமளா 2009இல் காலமானார். அஸ்தியைச் சென்னைக்குக் கொண்டு வந்துதான் கடலில் கரைத்தார் மகள்.

கொடைக்கானலுக்கு இந்தப் பிரச்சினை புதிது அல்ல, ஆனால் தலைகீழாக. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்து இந்த மலைக்கு வீடு கட்ட வந்தார்கள். பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கப்பலேற்றி அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்ப வேண்டியிருந்தது. அந்தப் பிரிவைத் தாங்காமல்தான் 1901இல் ஏரிக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். இன்றைக்கு கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி என்கிறோமே, அதுதான். அவர்கள் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த ஆயாக்கள் நம் மலைக்காரப் பெண்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

சரி, இன்றைய நிலைமைக்கு வருவோம். இதை ஊக்குநர்கள் குறித்துக்கொள்ளுங்கள், இனி இந்த மாதிரி விண்ணப்பம் நிறைய வரும்.

வெளிநாட்டில் எம்.எஸ். போன்ற முதுகலைப் படிப்புக்குப் பெரும்பாலும் நாம்தான் கட்டணம் கட்ட வேண்டும். லட்சக்கணக்கில் கல்விக் கடன் போவது அதற்குத்தான். முனைவர் பட்டம் வேறு. அமெரிக்காவில் அறிவியல் துறைகளில் பல இடங்களில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, பாடம் நடத்த அல்லது ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய மாத உதவித்தொகையும் கொடுப்பார்கள். நெதர்லாந்து, சுவீடன் போன்ற நாடுகளில் ஆராய்ச்சி மாணவர் பல்கலைக்கழகத்தின் ஊழியர் மாதிரியே, சம்பளம், பிரசவ விடுப்பு உண்டு. ஆகவே "பிஎச்.டி. சீட் வாங்கித் தருகிறோம், பத்து லட்சம் கட்டு" என்று ஏஜெண்ட் யாராவது வந்தால் உஷாராக இருங்கள். எங்களிடம் வந்து கேட்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

"டாலர்ல சம்பளம் வாங்குறவ" என்று சொன்ன சகோதரிக்கு ஒரு வார்த்தை. அந்த உதவித்தொகை ஒரு ஆள் சிக்கனமாக இருக்கப் போட்ட கணக்கு. அதில் நாலு பேர் இருக்க வேண்டும். அந்தப் பெண் எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருக்கிறார். வீட்டுக்காரர் எஃப்-2 விசா. எஃப்-2வில் இருப்பவர் அங்கே வேலை செய்யவே கூடாது, சட்டப்படி. இங்கே டிப்ளமோ படித்துவிட்டு வேலை பார்த்த மனுசன் அங்கே சமைத்து, துணி துவைத்து, பையனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். நம் வீட்டு ஆண்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஜே-1 என்று இன்னொரு விசா இருக்கிறது, அதில் போனால் துணைவர் அனுமதி வாங்கி வேலை செய்யலாம். இங்கிலாந்தில் 2024 ஜனவரியிலிருந்து சாதாரண முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. ஆராய்ச்சி மாணவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. எந்த நாடு, எந்த விசா என்று போவதற்கு முன்பே விசாரித்தால் குடும்பத்தின் ஐந்தாறு வருஷம் மாறிப்போகும். இதை மகள்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

அந்த ஊரில் குழந்தைக் காப்பகத்துக்குக் கட்டும் பணம் வீட்டு வாடகைக்குப் போட்டி போடும். மருத்துவக் காப்பீடு மாணவிக்குப் பல்கலைக்கழகம் கொடுத்தாலும், கணவனுக்கும் குழந்தைக்கும் தனியாகக் கட்ட வேண்டிய இடங்கள் நிறைய. ஆறு மாசத்துக்கு அம்மாவைக் கூப்பிடுவது சொகுசுக்காக அல்ல என்று இதை வைத்துத்தான் எங்களுக்குப் புரிந்தது.

அரசு உதவியும் இருக்கிறது. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டம், தாழ்த்தப்பட்டோர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உண்டு. 35 வயதுக்குள் இருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், இடங்களில் 30 சதவீதம் பெண்களுக்கு. நம் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண் ஒருத்தி இதில் போக முடியும். ஆனால் இது மாணவருக்கான பணம், கூடப் போகும் குடும்பத்துக்கானது அல்ல. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பாட்டி விஷயத்துக்கு வருகிறோம். பாட்டிக்குக் கிடைப்பது பார்வையாளர் விசா. நேர்காணல் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் விசாக் கட்டணம் திரும்ப வராது. கிடைத்தாலும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே இறங்கும்போது அதிகாரி முடிவு செய்வார், சாதாரணமாக ஆறு மாதத்துக்குள். அங்கே யார் வீட்டிலும் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. காய், பழம், விதை எடுத்துப் போனால் விமான நிலையத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டும். மலைப்பூண்டு மூட்டையோடு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள், பிள்ளை பெத்தவளுக்குப் பூண்டு வேணும்னு தெரியும், அங்கேயும் கடையில் கிடைக்குமாம். பயணியருக்கான மருத்துவக் காப்பீடு இங்கேயே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் நம் குழுவின் மொத்தச் சேமிப்பும் காணாது.

குளிருக்கு அந்த அக்கா பயப்படவில்லை. "மன்னவனூர்ல மார்கழியில பொறந்தவ, எனக்கென்ன குளிர்" என்றார்கள். ஆனால் அங்கே தண்ணீர் உறைகிற நிலைக்குக் கீழே இருபது டிகிரி வரை போகும் என்று மகள் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார்கள். குளிரைவிட அடைபட்டுக் கிடப்பதுதான் கஷ்டம் என்று போய் வந்த ஒரு ஆசிரியை எங்களிடம் சொன்னார். பேச ஆள் கிடையாது, பஸ் ஏறத் தெரியாது, பேரன் பேசுவது பாதி புரியாது. மகள் காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போனால் இரவுதான் வருவாள். இதையும் அக்காவிடம் சொல்லிவிட்டோம். "நான் போகலன்னா அவ படிப்ப விட்டுருவா" என்று ஒரே பதில்.

இனி, கூட்டமைப்பு எடுத்த முடிவு. எங்களுக்குள்ளும் எல்லாரும் ஒத்துப்போகவில்லை. குழுப் பணம் பதினாறு பேருடைய வியர்வை, ஒருவருக்கு ஒன்றரை லட்சம் போய்விட்டால் அடுத்தவருக்கு அவசரம் என்றால் என்ன செய்வது என்று கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் முழுத் தொகையையும் ஒரே தடவையில் கொடுக்கவில்லை. முதல் தவணையாகப் பாஸ்போர்ட், விசா, சென்னை போய்வரும் செலவு மட்டும் குழுவின் உள்கடனிலிருந்து. விசா கிடைத்த பிறகு டிக்கெட்டில் பாதியைக் கூட்டமைப்பு கொடுக்கும், மீதிப் பாதியை மகள் போடுவார். மகளும் ஒப்புக்கொண்டார். ஊரில் இல்லாத ஆறு மாதமும் சந்தாவையும் தவணையையும் மூத்த மகன் கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதுவரை இரண்டாம் பிரதிநிதி பொறுப்பை வேறொருவர் பார்ப்பார். வட்டி எல்லாருக்கும் உள்ளதுதான், ஒரு பைசா குறையாது.

கணக்கு எழுதுகிற பொண்ணு கேட்ட கேள்விக்கு மட்டும் எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இதை எந்தத் தலைப்பில் எழுதுவது, உற்பத்திக் கடனா, நுகர்வுக் கடனா? கல்வி என்று எழுதச் சொன்னோம். "படிக்கிறது அவுங்க மக, கடன் அம்மாவுக்கு, இது எப்படிக் கல்வி?" என்றாள். கடைசியில் "கல்வி, பிரசவம்" என்று இரண்டையும் எழுதி வைத்திருக்கிறாள். தணிக்கைக்கு வருபவர் கேட்டால் எங்களிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு பின்பக்க மேசையில் பாஸ்போர்ட் விண்ணப்பம் பற்றி விளக்குவோம். நம் மாவட்டத்துக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம். சாதாரண விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். ஆதார் அட்டையில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று இருப்பவர்கள் முதலில் வாருங்கள், உங்களுக்குத்தான் நேரம் பிடிக்கும்.